முன்கூட்டிக் கட்டியவள்

கடனைக் கட்டாதவர்களைத் திட்டுவதற்கு எங்கேயும் ஆள் பஞ்சமில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், போனில் மிரட்டுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுகிற மாதிரி வாசலில் நின்று பேசுவார்கள். ஆனால் கேட்டதைவிடக் கூடுதலாக, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, மாதம் தவறாமல் கொண்டுபோய்க் கட்டிய ஒருத்தியை என்ன பாடு படுத்தினார்கள் என்று கேட்க ஒரு நாதி இல்லை. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவளைக் கிடங்கக்கா என்பார்கள். ஐந்து மாடி ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கு அவள் பொறுப்பு. படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை, ஆபரேஷன் அறைப் பச்சைத் துணி எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும், அவள் கைக்குத்தான் திரும்ப வேண்டும். ஒரு வார்டுக்கு நாற்பது விரிப்பு போனால் அந்த வார்டின் பெயரில் நாற்பது ஏறும். முப்பது திரும்பி வந்தால் பத்தாகக் குறையும். குறைக்கச் சொல்லி எந்த நர்சும் கடிதம் எழுதியதில்லை. வந்தது வந்தது, குறைந்தது குறைந்தது. முப்பது வருஷம் இந்த ஒரே நியாயத்தோடு வாழ்ந்துவிட்டதால் வெளியுலகமும் அப்படித்தான் நடக்கிறது என்று நினைத்துவிட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அவளுக்கு ஐம்பத்தெட்டில் ஓய்வு. வீட்டுக் கடனோ அறுபத்து மூன்று வயதுவரை போகும். சம்பளம் நின்ற பிறகு ஐந்து வருஷம் தவணை கட்டுவது எப்படி என்று நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. ஐம்பத்திரண்டு நெருங்கியபோது ஆஸ்பத்திரிக் கணக்கரிடம் கேட்டாள். அவர் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, முதலில் மூன்று தவணை அளவுக்கு ஒரு தொகையும், பிறகு மாதாமாதம் கிட்டத்தட்டப் பாதித் தவணையும் கூடுதலாகப் போட்டால், ஓய்வு பெறுகிற மாதமே கடன் முடியும் என்றார். எழுபத்திரண்டு மாதம். அந்த எண்ணை அவள் சாமான் வாங்கிய ரசீதின் பின்பக்கம் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள்.

பணத்துக்கு எங்கே போவது? மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒரு அறையில் அவர்கள் படுத்தார்கள். மற்றதில் கணவரின் சாமான் படுத்திருந்தது. அவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் புதிதாகக் காயில் சுற்றுகிறவர். முழங்கால் பிசகிக் கடையை மூடியபோது கடையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இறக்கை இல்லாத மின்விசிறிகள், ஜாடி இல்லாத மிக்சிகள், அரைகுறைப் பம்புகள், டப்பா டப்பாவாகத் திருகுகள், பழைய செப்புக் கம்பி. எதைத் தொட்டாலும் "உதவும்" என்பார். அதற்கு நடுவே ஜன்னலோரத்தில் அவருடைய காயில் சுற்றும் மெஷின். மாதம் நாலைந்து மோட்டார் வரும். சுற்றிக் கொடுப்பார். பெரிய வரும்படி இல்லை, ஆனால் அந்த மெஷினின் முன்னால் உட்கார்ந்தால்தான் மனிதர் மனிதராக இருப்பார்.

அந்த அறையைக் காலி செய்து வாடகைக்கு விடுவது என்று அவள் முடிவெடுத்தாள். எடுத்தால் எடுத்ததுதான். தினம் ஐந்து சாமான் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று சட்டம் போட்டாள். முதல் நாள் அவர் ஐந்து திருகைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அன்றிலிருந்து சட்டம் எடைக்கு மாறியது. பழைய இரும்புக்காரன் வாரம் ஒருமுறை தராசோடு வருவான். அவர் ஒவ்வொரு பம்பையும் அவனிடம் கொடுக்கும்போது அதன் ஜாதகத்தையே சொல்லுவார். யார் வீட்டுப் பம்பு, எந்த வருஷம் எரிந்தது, அந்த வீட்டம்மா எத்தனை நாள் பாக்கி வைத்தாள் என்பதுவரை. அவன் பாவம், எடை போடாமல் கேட்டுக்கொண்டு நிற்பான். இவள் உள்ளேயிருந்து முறைத்தபிறகுதான் தராசு ஏறும்.

சும்மா சொல்லக் கூடாது, தன்னையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஐந்து மணிக்கு எழுந்தாள். பஸ்ஸை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள், போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம், மழையானாலும் வெயிலானாலும். கேன்டீன் பக்கம் திரும்புவதை நிறுத்தினாள். கடைக்குப் போகுமுன் எழுதி எடுத்துக்கொண்டு போனாள், எழுதாததை வாங்கவில்லை. கையில் பணம் மிஞ்சிய அன்றே வங்கிக்கு. இத்தனையும் பழகப் பழக அவள் உடம்பு இளைத்தது, வீடு பெருத்தது. கூடத்தில் காலை நீட்டிப் படுக்கலாம் என்பதே அந்த வருஷம்தான் தெரிந்தது.

கடைசியில் மெஷின் மட்டும் நின்றது. மூன்று தவணை அளவுக்குத் தொகை வேண்டும் என்று கணக்கர் சொன்னாரே, அந்த மூன்று தவணைக்குச் சரியாக ஒரு ஆள் விலை சொன்னான். கணவர் அன்று சாப்பிடவில்லை. சண்டையும் போடவில்லை. அவள்தான் பேசினாள். "எழுபத்திரண்டு மாசம் பொறுத்துக்கோங்க. கடன் முடிஞ்ச மறுநாள் அந்த ரூம் உங்களுது. இதைவிட நல்ல மெஷினா வாங்கி நானே கொண்டுவந்து வைக்கிறேன்." அவர் சரி என்றார். மெஷினைத் தூக்கிப் போகும்போது படியில் இடிக்காமல் இறக்கச் சொல்லி மூன்று மாடியும் கூடவே நடந்து போனார், அந்த முழங்காலோடு.

ஆஸ்பத்திரி நர்சு ஒருத்தி அறைக்குக் குடிவந்தாள். மெஷின் பணம் முதலில் போயிற்று. அப்புறம் வாடகையும் மிச்சம் பிடித்ததும் மாதாமாதம் போயிற்று. பணம் கட்டும் கவுண்டரில் இருந்த பெண் வாங்கி, எண்ணி, சீட்டு கொடுத்து, சிரித்து அனுப்பினாள். கிடங்கக்கா அந்தச் சீட்டுகளை வரிசையாகக் குத்தி வைத்தாள். கணவர் மூன்று நாளைக்கு ஒருமுறை அலமாரியைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூடுவார். இன்னும் எத்தனை என்று வாய்விட்டுக் கேட்டதில்லை.

இருபத்தாறு மாதம் முடிந்ததும், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டு அவர் காதில் போட வேண்டும் என்ற ஆசையில் அவரையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். கவுண்டர்ப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து நூற்றாறு மாதம் பாக்கி என்றாள். அவள் ஆரம்பித்தது நூற்று முப்பத்திரண்டில். எண்ணத் தெரிந்த யாரும் எண்ணிப் பார்க்கலாம். இருபத்தாறு மாதத்தில் இருபத்தாறு மாதம்தான் குறைந்திருந்தது. அவள் நடக்காமல், பட்டினி போடாமல், மெஷினை விற்காமல், பாட்டுக் கேட்டுக்கொண்டு காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அதே இருபத்தாறு குறைந்திருக்கும்.

கடன் பிரிவு அதிகாரியிடம் அனுப்பினார்கள். கண்ணாடி அறை. பின்னால் சுவரில் ஒரு போஸ்டர், சிறுசேமிப்பும் நல்ல பழக்கமும் வாழ்க்கையை உயர்த்தும் என்று ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கு உபதேசம் செய்வதில் இவர்களை மிஞ்ச முடியாது. அதிகாரிக்கு அவள் வயதில் பாதிகூட இருக்காது. மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை சொல்ல முடியாது. கூடுதலாகக் கட்டும்போது, இதை அசலில் கழித்துக்கொள்ளவும் என்று ஒவ்வொரு முறையும் தனிக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் பணம் கடனுக்குப் போகாதாம், தனியாக ஒரு கணக்கில் நிற்குமாம். பத்திரத்தின் பதினேழாம் பக்கத்தில் அச்சடித்திருக்கிறதாம். இருபத்தாறு முறை பல்லைக் காட்டிப் பணத்தை வாங்கிய பெண் ஏன் ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றார்.

"உங்க பணம் எங்கேயும் போகலம்மா. பத்திரமா இருக்கு" என்றார்.

"பத்திரமா வைக்கவா குடுத்தேன்? கடனைக் கழிக்கக் குடுத்தேன் சார்."

பத்திரமாம். அவள் கொடுத்த பணத்துக்கு ஒரு காசு வட்டி கிடையாது. அதே நாட்களில், அதே கட்டடத்தில், கழிக்காமல் விட்ட கடனுக்கு முழு வட்டி. ஒரே ஆளிடம் ஒரு கையில் பணத்தை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, மறு கையில் அந்த ஆளிடமே வட்டி வசூலிப்பதற்கு விதி என்று பெயர். இதையே அவள் கிடங்கில் செய்திருந்தால், முப்பது விரிப்பைத் திருப்பி வாங்கி அடுக்கிவிட்டு, கடிதம் தராததால் நாற்பதும் பாக்கி என்று வார்டில் போய் நின்றிருந்தால், அன்றைக்கே வேலை போயிருக்கும். கண்ணாடி அறையில் உட்கார்ந்து செய்தால் யாருக்கும் ஒன்றும் போகாது.

அதிகாரி கால்குலேட்டரைத் தட்டினார். இன்றைக்கு ஒரு கடிதம் கொடுத்தால் மொத்தத்தையும் இன்றே கழித்துவிடுவதாகவும், போன வட்டி போனதுதான் என்றும், அதனால் பெரிய வித்தியாசம் இல்லை, ஓய்வுக்கு அப்புறம் இரண்டே இரண்டு மாதம்தான் கூடுதலாக வரும் என்றும் ஆறுதல் சொன்னார். எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.  இரண்டு மாதம் என்றால் எத்தனை நாள் நடை, எத்தனை நாள் குடிக்காத டீ என்று அந்தக் கால்குலேட்டரில் தட்டத் தெரியுமா என்று அவள் கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் கணவர் பேசினார். வீட்டில் பழைய இரும்புக்காரனைத் தவிர யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர்.

"அப்ப என் மெஷின் பணம்கூட ரெண்டு வருஷமா இங்க சும்மாதான் கிடந்துச்சா?"

அதிகாரி ஆமாம் என்று தலையாட்டினார்.

"எங்க வீட்ல அது சும்மா கிடக்கல சார். மாசம் நாலு மோட்டார் சுத்துனேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். சாமானை அடைத்து வைத்திருக்கிறார் என்று அந்த மனிதரை அவள் பேசாத பேச்சில்லை. தினமும் காலையில் எழுந்ததும் அதுதான் முதல் வேலை. ஓடிக்கொண்டிருந்த மெஷினை விற்றுக் கொண்டுவந்து, கிடப்பில் போடுகிறவர்களிடம் கொடுத்தது யார்? அவள்தான். இன்னும் நாலு வருஷம் கழித்து மெஷின் வாங்கிக் கொடுப்பாள். அப்போது அவருக்கு அறுபத்தாறு. கம்பி மயிரிழை அளவு மெல்லியது, கை நடுங்கினால் அறுந்துவிடும். நாலு வருஷம் பத்திரமாக வைத்திருக்க அவர் கை என்ன வங்கிப் பணமா?

அதிகாரி கடிதத்துக்கு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார். அவள் எடுத்தாள். எழுதாமல் கேட்டாள்.

"இந்தப் பணம் இன்னும் கடன்ல போகலன்னா, இது என் பணம்தானே?"

"ஆமாம்மா. உங்க பணம்தான்."

"அப்ப நான் கேட்டா திருப்பித் தருவீங்களா?"

விதிப்படி தரலாம் என்று ஒப்புக்கொண்டார். பதினேழாம் பக்கத்திலேயே அதுவும் இருந்தது. அவருக்குத்தான் மனசில்லை. எடுத்தால் கடன் இன்னும் மூன்று மாதம் நீளும், ஆக ஓய்வுக்குப் பிறகு ஐந்து மாதம் தவணை வரும், நல்லா யோசிச்சுக்கோங்க, இத்தனை நாள் ஒழுக்கமாகச் சேர்த்ததைக் கலைக்கலாமா என்று அக்கறையாகச் சொன்னார். இரண்டு வருஷம் இல்லாத அக்கறை பணம் வெளியே போகும்போது பொத்துக்கொண்டு வந்தது.

கணவர் அவள் முழங்கையைத் தொட்டார். "வேண்டாம்மா. சம்பளம் நின்னப்புறம் அஞ்சு மாசம் எங்க போவே? இருக்கட்டும். கழிச்சுடச் சொல்லு."

"நீங்க சும்மா இருங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவரை எத்தனையோ முறை அப்படி அடக்கியிருக்கிறாள். இந்த முறை சொல்லும்போது குரல் உடைந்தது. "ரூமைத் தர முடியல. வாடகை வேணும். நம்ம ரூம்ல என் பீரோவைத் தூக்கி வெளிய போட்டா ஜன்னலோரம் மெஷினுக்கு இடம் இருக்கு. அஞ்சு மாசத் தவணை என் பாடு. யார் வீட்டுத் துணியாவது மடிச்சுக் கட்டுறேன்."

 கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

அவள் எழுதினாள். மூன்று தவணைத் தொகை தனக்குத் திரும்ப வேண்டும், மீதி முழுவதையும் இன்றைய தேதியில் அசலில் கழிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து முத்திரை வைத்துத் தரச் சொன்னாள். அதெல்லாம் வழக்கமில்லை என்றார் அதிகாரி. வழக்கமில்லாவிட்டால் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். உட்கார்ந்தும் இருந்தாள். வெளியே காத்திருந்த ஆட்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் முத்திரை வந்தது.

பணத்தை எண்ணிக் கணவர் கையில் கொடுத்தாள். அவர் மறுபடி ஒருமுறை எண்ணினார். பிறகு, அந்த மெஷினை வாங்கிப் போனவன் கடை எந்தத் தெரு என்று தெரியும், விற்காமல் வைத்திருந்தாலும் வைத்திருப்பான், போய்ப் பார்க்கலாமா என்று அவளைக் கேட்டார்.