அப்பா வைத்திருந்த கடைசிக் கலர் ரீல்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைவதை ஒட்டி இதை எழுதுகிறேன். தமிழில்தான் எழுத வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. படிக்க வராத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் வாசித்துக் காட்டவும். அவர்களும் தடுமாறினால் கோயில் பூசாரி இருக்கவே இருக்கிறார்.

அப்பா எங்கள் தீவு நாட்டின் லம்பாசாவில் கரும்புத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். கரும்பு வெட்டும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. லவுத்தோக்கா நகரத்துக்கு வந்து சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டினார். தீவுகளைப் படமெடுக்க வந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று விளக்குத் தூக்க ஆள் தேடியபோது அதில் சேர்ந்தார். சில வருடங்களில் கேமரா அவர் கைக்கு வந்தது. அதன்பின் அந்தக் கம்பெனி இங்கே எடுத்த கலர் படங்கள் எல்லாமே அப்பா எடுத்தவைதாம்.

கலரில் அப்பா பெரிய பிடிவாதக்காரர். நடுப்பகல் வெயிலில் கேமராவைத் தொடமாட்டார். கரும்பு பூத்திருக்கும் மாதங்களில், சாயங்கால வெளிச்சம் பூவின் மேல் சாயும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நாள் முழுக்க வயலோரம் காத்திருப்பார். தீமிதியின்போது மஞ்சள் துணி மஞ்சளாகவும் நெருப்பு நெருப்பாகவும் படத்தில் விழ வேண்டும் என்பார். எடுத்த ரீல் ஆஸ்திரேலியா போய்க் கழுவப்பட்டுத் திரும்ப வாரக்கணக்காகும். அதுவரை நிம்மதியாகச் சாப்பிடுவார், தூங்குவார். கவலைப்படுவதெல்லாம் கம்பெனிக்காரர்கள்தாம்.

புது ரீல்களைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்று எங்கள் ஃபிரிட்ஜில் பாதியைப் பிடித்துக்கொண்டார். மீன் வைக்க இடமில்லை என்று அம்மா சண்டை போட்டதை அக்கம்பக்கத்தார் அறிவார்கள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் கம்பெனி மூட்டை கட்டியது. தெருவில் பாதி வீடுகள் பூட்டப்பட்டன. என்னைக் கேட்டிருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் நியூசிலாந்து விசா வந்துவிட, கல்யாணத்தை அவசரமாக வைக்க வேண்டியதாயிற்று. எங்கள் பக்கம் கல்யாணம் இரவில்தான் நடக்கும். இரவில் ஊரடங்கு, அதனால் முகூர்த்தம் காலையில். எல்லோரும் முணுமுணுத்தார்கள், அப்பாவுக்கு மட்டும் அந்த வெளிச்சம் பிடித்திருந்தது.

ஆனால் ஃபிரிட்ஜில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கலர் ரீல். சில நிமிடங்கள்தான் ஓடும், கடைகளில் வேறு கிடையாது. எடுத்தது விழாமல் போனால் திரும்ப எடுக்க நான் ஊரில் இருக்கமாட்டேன். கல்யாணத்தன்றுதான் முதல்முறையாக அப்பா காலைப் பலகாரத்தைத் தொடவில்லை.

கலர் படமாயிற்றே என்று அத்தைமார் என் முகத்தில் பவுடரை அப்பியிருந்தார்கள். நம் வீட்டுக் கல்யாணங்களில் இது வழக்கமாக நடக்கிற தப்பு. அப்பா பார்த்தார்.

"போய் மொகத்த கழுவிட்டு வாம்மா. உன் நெறத்த ஃபிலிமு பாத்துக்கும்" என்றார்.

அத்தைமார் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

தாரை வார்க்கும்போது அப்பா மணையில் உட்கார வேண்டும், என் கையைத் தாங்க வேண்டும், அம்மா நீர் வார்க்க வேண்டும். அப்போது கேமராவை யார் பார்ப்பது? மாமா முன்வந்தார். மாமா எடுத்தால் யாருக்கும் தலை இருக்காது என்பது ஊரறிந்தது. அப்பா கேமராவை முக்காலியில் நிறுத்தினார். அது சாவி கொடுத்தால் அரை நிமிடம் தானே ஓடும். தான் வந்து உட்காரும்வரை நீரை வார்க்கவிடாதீர்கள் என்று பூசாரியிடம் சொல்லிவிட்டு, விசையை அழுத்திப் பூட்டி, ஓடி வந்து உட்கார்ந்தார்.

ரீல் கழுவப்பட்டு ஆக்லாந்தில் எங்களிடம் வரச் சில மாதங்கள் ஆயின. இரவல் புரொஜெக்டரில், சுவரில் கட்டிய வேட்டியில் பார்த்தோம். பட்டுப்புடவையின் அரக்கு, மாவிலையின் பச்சை, அம்மாவின் மூக்குத்தி, எல்லாம் அப்படியே விழுந்திருந்தன. தாரை வார்க்கும் இடம் வந்தது. வெள்ளைச் சட்டை முதுகு ஒன்று குறுக்கே போயிற்று. உட்காரும்போதே அது ஓரமாக நகர்ந்து படத்தைவிட்டு வெளியே போய்விட்டது. என் கைக்கு அடியில் அப்பாவின் கை மட்டும் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே போன் செய்து, ஏன் நகர்ந்தீர்கள் என்று கேட்டேன்.

"என் நெழலு உம் மொகத்துல உழுந்துச்சும்மா. நவுந்துக்கினேன்" என்றார். குரலில் வருத்தமே இல்லை.

பிறகும் எத்தனை முறை கூப்பிட்டும் அப்பா எங்களோடு வந்து தங்கவில்லை. ஊரைவிட்டுப் போகிறவர்களின் கல்யாணங்களைப் படமெடுத்துக்கொண்டு லவுத்தோக்காவிலேயே சந்தோஷமாக இருந்தார். கடைசி வாரத்தில்கூட, ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கு என்று நர்ஸிடம் வேலை வாங்கினாராம். அந்த நாட்களில் அம்மாவுக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டாருக்கும், ஈமக்கடன்களை முன்னின்று நடத்திய கோயில் அன்பர்களுக்கும், நாங்கள் வந்துசேரும்வரை வீட்டைப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலரின் அட்டையில் இருப்பது அந்த ரீலில் தாரை வார்க்கும் இடத்திலிருந்து எடுத்த படம். அப்பாவின் முகத்தைப் போடாமல் இதைப் போட்டால் எப்படி என்று சித்தப்பா அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டார். அம்மா படத்தைத் திருப்பி அவரிடம் காட்டினார்.

"பொண்ணு மொகத்துல நெழல் இருக்குதா பாரு. இல்லதானே? அதான் அவரு."