மண்ணுக்குள் குளிர்காலம் கழிக்கும் கொடிகள்

வைன் விற்கிறவனுக்குக் குடிக்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. குடிக்கிறவரின் முகம் கோணும்போது சிரிக்காமல் நிற்கத் தெரிய வேண்டும். இரண்டாயிரங்களின் நடுவில் மூன்று வருடம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் அப்படி நின்றேன். நகரத்தில் நாங்கள் குடியிருந்த வில்லரேயிலிருந்து வான் வண்டியில் ஒரு மணி நேரம், பிறகு நாள் முழுக்கக் குளிர். என்னைப்போல் குளிர்நாட்டுக்கு வந்து பிழைக்கும் உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

ருசி பார்க்க வந்தவர்

எங்கள் தோட்டத்துச் சிவப்பு வைன் கண்ணுக்குக் கன்னங்கரேலென்று இருக்கும். வாயில் வைத்தால் தண்ணீராய் மெலிவு. கோடை குறுகிய இடத்தில் பழம் முழுதாய் இனிக்காது, அதனால் புளிப்புத் தூக்கல். விழுங்கியபின் கொஞ்சம் புகை மணம். இந்தப் பக்கத்துச் சிவப்பு எல்லாமே ஏறத்தாழ இப்படித்தான். "காட்டுப்பழ வாசனை" என்று சொல்லும்படி முதலாளியம்மா சொல்லித் தந்திருந்தார், நானும் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பேன். ஒருநாள் ஒரு கிழவர் கண்ணை மூடி ஒரு மிடறு குடித்தார். மூடிய கண்ணைத் திறக்காமலே பிரெஞ்சில் மெல்லச் சொன்னார்: "பழமில்லை, மிஸ்யு. இப்போதுதான் தோண்டிய மண்."

திரும்பிப் போன கார்

அவர் சொன்னதில் பிழையில்லை. பனி விழுமுன் கொடிகளை வெட்டிக் குறுக்கி, ஒவ்வொன்றையும் மண்ணால் மூடுவோம். மூடாவிட்டால் குளிரில் செத்துவிடும். நவம்பரில் பார்த்தால் வரிசை வரிசையாக மண்மேடு, ஒவ்வொரு மேட்டிலும் ஒரு குச்சி. வசதியானவர்கள் வாழும் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து சென்னைக்கார டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். கார்க் கதவைத் திறந்த அவர் மனைவி, வெளியே வைக்கப்போன காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஏங்க, காரைத் திருப்புங்க. இங்க கால் வெச்சா வீட்டுக்குப் போய்த் தலை முழுகணும்."

கடைசி மேடு

என்னோடு மண் போட்டவர், என்னை மகன் போல 'மனே' என்று கூப்பிடும் மட்டக்களப்புச் செல்வம் அண்ணை. அவருடைய தம்பியைச் சண்டைக்காலத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்துப் பதினைந்து வருடமாக ஆளும் இல்லை, உடலும் இல்லை. காரியம் செய்யவா, இன்னும் காத்திருக்கவா என்று ஊரிலிருந்து அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பார். மூத்தவர் என்பதால் இவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த நவம்பரில் கடைசிக் கொடிக்கு மட்டும் அவர் மண்வெட்டியை எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் மண் அள்ளி மூடினார், தட்டிச் சமப்படுத்தினார், குச்சியில் ஒரு கறுப்பு நூல் கட்டினார். அழுகிறாரா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. "பனி கரையும் மட்டும் பொறுக்கச் சொல்லி அம்மாட்டச் சொல்லிட்டன் மனே. இது தளிர்த்தா அவன் இருக்கான்."

ஏப்ரல்

பனி கரைந்ததும் மண்ணை விலக்கப் போனோம். வரிசை முழுக்க மேடுகள் மூடியது மூடியபடி இருந்தன. நூல் கட்டிய மேடு மட்டும் எங்களுக்கு முந்தியே திறந்திருந்தது. மண் இரண்டு பக்கமும் ஒழுங்காக ஒதுக்கப்பட்டிருந்தது. உள்ளே கொடி காய்ந்து செத்துக் கிடந்தது. ஏதோ விலங்கு கிளறியிருக்கும் என்றார் முதலாளியம்மா. சுற்றியிருந்த சேற்றில் ஒரு காலடிகூட இல்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணை குந்தியிருந்து அந்தக் கொடியைத் தடவினார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவன் எப்பவும் அவசரக்காரன் மனே. நாம வருமட்டும் நிக்கல்ல, எழும்பிப் போயிட்டான். இனிக் காரியத்தச் செய்யச் சொல்லி அம்மாட்டச் சொல்லணும்."

வேலையை விட்டு இத்தனை வருடமாகியும், விருந்தில் யாராவது சிவப்பு வைனை நீட்டினால் அந்தத் தோண்டிய மண் மணக்கிறது, எனக்குத் தோடம்பழச் சாறே போதும் என்று சொல்லித் தப்பிக்கொள்கிறேன்.