கூடத்துக் கம்ப்யூட்டரும் ஓர் அரங்கேற்றமும்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தபோது, என் கணவர் முதலில் செய்த காரியம் கம்ப்யூட்டரைக் கூடத்தில், சாமி அலமாரிக்கு எதிரே வைத்ததுதான். மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். சற்றுத் தள்ளி அவருடைய சாய்வு நாற்காலி. பதினாலு வயசுப் பெண் எதைப் பார்த்தாலும் அவள் தோளுக்கு மேலாக முதலில் பகவான் பார்ப்பார், அடுத்து இவர் பார்ப்பார். மிச்சம் மீதியை அவள் பார்த்துக்கொள்ளலாம்.

சாட் என்று ஒன்று இருப்பதாக ஆபீஸில் யாரோ சொல்லி இவர் வயிற்றில் புளியைக் கரைத்திருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் காபியோடு உபதேசம்.

"முன்னப்பின்ன தெரியாதவன் கேட்டா பேரைச் சொல்லப்படாது. ஸ்கூலைச் சொல்லப்படாது. ஆத்து விலாசத்தை மூச்சு விடப்படாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுப்பா" என்பாள். மோடம் கத்தி முடித்து லைன் கிடைப்பதற்குள் உபதேசமும் முடிந்துவிடும் என்பது ஒரு சௌகரியம்.

அந்த வருஷம் அவளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் நிச்சயமானது. சின்ன வயசிலிருந்து அவள் காத்திருந்த நாள். மயிலாப்பூரில் அரங்கேற்றம் என்றால் முக்கால் கல்யாணம். பத்திரிகை அடித்து, தட்டில் வைத்து, மாடி வீட்டுக்காரரின் சம்பந்தி வரை அழைத்தாக வேண்டும். ஒருத்தர் விட்டுப்போனால் ஜென்மப் பகை. அமெரிக்காவில் இருக்கும் உறவுகளுக்கு யார் போய்த் தட்டு நீட்டுவது? என் கணவர் தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரைப் பிடித்து, பத்திரிகையை இன்டர்நெட்டிலேயே போட்டுவிட்டு வந்தார். ஹோம் பேஜாம். இங்கிலீஷில் நீளமாக ஏதோ இருந்தது. நான் போட்டோவைப் பார்த்து திருஷ்டி கழித்ததோடு சரி. இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அடியில் ஓர் எண் ஓடியது. அது ஏற ஏற இவர் தலையும் நிமிர்ந்தது. அமெரிக்காவில் நமக்கு இத்தனை சொந்தக்காரர்கள் ஏது என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் காதில் ஏறவா போகிறது?

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஆண் குரல், ரொம்ப மரியாதை. மகளின் செல்லப் பெயரைச் சொல்லி, இருக்காளா என்று கேட்டது. நீங்க யாரு என்றேன்.

"தெரிஞ்சவன்தாங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை, டான்ஸ் கிளாஸ் உண்டில்ல? செவப்புப் பட்டு அவளுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

சாயங்காலம் விசாரணைக் கமிஷன் கூடியது.

"எந்த சாட்ல, யார்கிட்ட பேசிண்டிருந்தே?"

"யார்கிட்டயும் பேசலைப்பா."

"நீ பேசாம அவனுக்கு எப்படிப் பேர் தெரியும்? கிளாஸ் தெரியும்?"

கம்ப்யூட்டருக்கு உறை போட்டாயிற்று. நடன வகுப்பு நிறுத்தம். அரங்கேற்றமே வேண்டாம் என்றார். கண்கொத்திப் பாம்பாக நீங்களே பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அவள் எப்போது பேசினாள் என்று கேட்டேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். குழந்தை சாப்பிடாமல், சலங்கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்தச் சிவப்புப் பட்டு மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை அவள் வெளியில் உடுத்தியதே இல்லை. ஸ்டூடியோவில் போட்டோவுக்காகப் போட்டதோடு பெட்டியில் இருக்கிறது. மறுநாள் காலை உறையை நானே எடுத்தேன். மகளைக் கூப்பிட்டு, அப்பா போட்ட பத்திரிகையை எனக்குப் படித்துச் சொல்லு என்றேன்.

சொன்னாள். சிவப்புப் பட்டில் அவள் படம். பேர், செல்லப் பெயர், ஸ்கூல், வீட்டு விலாசம், போன் நம்பர். அதற்கும் கீழே, பெற்ற தகப்பனின் பெருமிதம்.

"பரீட்சை சமயத்துலகூட செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் தெற்கு மாட வீதி கிளாஸுக்குத் தனியா நடந்தே போவாளாம். அவ்வளவு சிரத்தையாம்."

நாற்காலியில் இருந்தவர் பேப்பரை மடித்தார். எதிரே பகவான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஏற்பாடு முதல் தடவையாக வேலை செய்தது.

"இதை எடுத்துடணும்" என்றார் மெல்ல. "சென்டரை எப்பத் திறப்பானோ, போய்ச் சொல்லிட்டு வரேன்."

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது.

"எடுத்துடலாம்பா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுமா? அடியில, இத்தனை பேர் பார்த்திருக்கான்னு ஒரு நம்பர் இருக்கே, அவாள்ல எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?"