மோரிசெட்டுக்குப் பின்னால் பதினான்கு கார்கள்

மோரிசெட் பூர்தே, க்ரூஸ் மாவட்டத்துச் சின்ன ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முப்பத்தொரு வருஷம் சமைத்துப் போட்டவள். அத்தனை வருஷமும் அடுப்படியில் நின்ற இடத்திலேயே நின்றதாலோ என்னவோ, ஓய்வு பெற்றதும் அவளுக்கு வேகப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இரண்டே வருஷத்தில் ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவளா சும்மா இருப்பவள்? உரிமம் தேவைப்படாத குட்டி வண்டி ஒன்றை வாங்கினாள். இரண்டு பேர் உட்காரலாம். எத்தனை அழுத்தி மிதித்தாலும் நாற்பத்தைந்தைத் தாண்டாது. சத்தம் மட்டும் நூற்றிருபதில் போகும்.

அந்த வண்டியில்தான் அவளும் கணவர் அன்செல்மும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். அங்கே அன்செல்மின் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை எழுபதாவது பிறந்தநாள். "ரயிலில் போனால் அரை நாள்" என்று ஊரே சொன்னது. "என்னிடம் வண்டி இருக்கிறது" என்றாள் மோரிசெட். நெடுஞ்சாலையில் அந்த வண்டியை விடமாட்டார்கள் என்பதால், வயல்களுக்கு நடுவே மூன்று நாள் பயணம்.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. முதல் நாள் மாலை கூடாரம் போட்ட இடத்தில் துவைத்த அன்செல்மின் பனியன்கள் காலையில் ஈரமாகவே இருந்தன. மோரிசெட் அவற்றை இரண்டு பக்கக் கண்ணாடியிலும், கதவுப் பிடியிலும், வானொலிக் கம்பியிலும் முடிந்துவிட்டாள்.

"ஓடுற காத்துல காஞ்சிடும்," என்றாள்.

"நாம எங்க ஓடுறோம்?" என்றார் அன்செல்ம். மடியில் வரைபடத்தை விரித்து, அதன் மேல் ரொட்டியும் சாசேஜும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழி சொல்வது அவர் வேலை. போக வேண்டிய சாலைமேல் வெண்ணெய் படிந்திருந்தது.

பதினொரு மணிக்கு ஒரு சந்திப்பைத் தாண்டியதும் பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நாலைந்து.

"தாண்டிப் போகச் சொல்லேன்," என்றார் அன்செல்ம்.

மோரிசெட் கையை வெளியே நீட்டி, போ போ என்று ஆட்டினாள். பின்னால் வந்தவர்களும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள். ஆனால் தாண்டவில்லை. அவள் முஷ்டியை ஆட்டினாள். அவர்களும் முஷ்டியை உயர்த்தி ஆரவாரம் செய்தார்கள்.

"கிண்டலா பண்றீங்க! இருங்க, வர்றேன்," என்று அடுத்து வந்த ரவுண்டானாவில் வண்டியைத் திருப்பி ஒரு சுற்று சுற்றினாள். பின்னால் வந்தவையும் சுற்றின. கோதுமை வயல் நடுவே அது சின்ன ரவுண்டானா, கார்களோ பதினான்கு. இரண்டாம் சுற்றில், யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. கடைசிக் காரின் வால் மோரிசெட்டின் மூக்கை உரசுவதுபோல ஓடியது. மூன்றாம் சுற்றில் அன்செல்மின் சாசேஜ் ஜன்னல் வழியாகப் பறந்து போனது.

"நிறுத்துடி தாயே! குடல் வாய்க்கு வந்துடும்!"

மோரிசெட் கண்ணில் பட்ட முதல் மண்பாதையில் வண்டியை விட்டாள். அந்தப் பாதை ஒரு பண்ணை வாசலோடு முடிந்துபோனது. பதினான்கு கார்களும் வரிசையாக உள்ளே நுழைந்து அடைத்துக்கொண்டன. வேலிக்கு அந்தப் பக்கம், முகமெல்லாம் சடை விழுந்த கழுதைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. ரப்பர் பூட்ஸோடு பண்ணைக்காரர் ஓடி வந்தார்.

"கழுதை பாக்க வந்தீங்களா? ரெண்டு ரெண்டு பேரா வாங்க. கூட்டம்னா அதுங்களுக்குக் கோவம் வரும்."

முதல் காரிலிருந்து வண்டிச் சக்கரம் போலத் தொப்பி வைத்த ஒரு அம்மாள் இறங்கினாள். "மதாம், மேயர் ஆபீஸ் இதுவா?"

"என்னது? ஹார்ன் அடிச்சே ஆள உயிரோட புதைக்கறீங்க. முன்னாடி போய்த் தொலையறதுக்கு என்ன?"

"நீங்கதானே கல்யாண ஊர்வலத்துக்கு முன்னாடி போற வண்டி! கல்யாணக் கார் மாதிரியே வெள்ளைத் துணியெல்லாம் கட்டியிருக்கீங்களே! கல்யாணம்னா ஹார்ன் அடிக்காம போவோமா?"

"அது என் புருஷனோட பனியன்."

தொப்பிக்கார அம்மாள் பனியன் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அவள் மாப்பிள்ளையின் அம்மா. எல்லாரும் லீல் நகரத்திலிருந்து வந்தவர்கள். வழி தெரிந்தவர் மாப்பிள்ளையின் மாமா ஒருவர்தான்; அவரைச் சந்திப்பில் தவறவிட்டு, வெள்ளைத் துணி பறந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இதற்குள் கடைசிக் காரிலிருந்து மணப்பெண் சொலேன் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். பனியன்களைப் பார்த்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். ஒரு கழுதை அவள் கையிலிருந்த பூச்செண்டில் பாதியைத் தின்று முடித்தது.

யார் கைப்பேசியிலும் சிக்னல் இல்லை. பண்ணைக்காரர் வீட்டுத் தொலைபேசியில், கல்யாணத்தை நடத்தி வைக்க வேண்டிய மேயரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்தார்.

"ஒரு மணி வரைக்கும் இருப்பாராம். அப்புறம் சாப்பாடு. பசி வந்துட்டா அவர் மேயரே இல்ல, வெறும் மனுஷன்."

இன்னும் பதினோரு கிலோமீட்டர். அன்செல்ம் வரைபடத்தின் வெண்ணெயைச் சட்டைக் கையால் துடைத்தார். வெண்ணெய்க்குக் கீழே மேயரின் ஊர் இருந்தது. "அட, இங்கதான் ஒளிஞ்சுக்கிட்டிருக்கு!"

"என் பின்னாடியே வாங்க," என்றாள் மோரிசெட், பிறந்ததிலிருந்தே ஊர்வலம் நடத்துபவள் போல. பதினான்கு கார்களும் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு நகர்ந்து வழிவிட, அவள் முன்னால் போனாள். கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"ஏன் சத்தமே காணோம்? சாவு வீட்டுக்கா போறாங்க? அடிக்கச் சொல்லு!"

அன்செல்ம் தலையை நீட்டிக் கத்தினார். பதினான்கு ஹார்ன்களும் ஒரே நேரத்தில் அலறின. வயலில் இருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். மேயர் தன் பதவிக்குரிய மூவண்ணப் பட்டையோடு படியில் நின்று வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தெரிந்தது, மாப்பிள்ளைத் தரப்பு சாட்சி அந்த மாமாதான் என்று. அவரோ கூட்டத்தைத் தேடிக்கொண்டு வேறெங்கோ அலைந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை திபோ மோரிசெட்டைப் பார்த்தான்.

"மதாம், நீங்க போடுறீங்களா கையெழுத்து?"

மேயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மாப்பிள்ளைய உங்களுக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"ரெண்டு மணி நேரமா. நல்ல பையன். மூணு சுத்து சுத்தினேன், அப்பவும் முகம் சுளிக்காம பின்னாடியே வந்தான். கல்யாணத்துக்கு அது போதாதா?"

மேயர் மணியைப் பார்த்தார். போதும் என்று முடிவு செய்தார்.

பிறகு விருந்து முடியும்வரை அவர்களைக் கிளம்ப விடவே இல்லை. மணமக்களுக்கு அடுத்த மேஜையிலேயே இடம். மோரிசெட் இரண்டு முறை சமையலறைக்குள் புகுந்து, பீன்ஸ் குழைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தாள். கேக் வெட்டும் நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து மாமா வந்து சேர்ந்தார். "எட்டு ஊர் தேடினேன்! எவன்டா என் இடத்துல கையெழுத்துப் போட்டது?"

மோரிசெட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நான்தான். உக்காருங்க. கத்தினா ஜீரணமாகாது." முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளை அடக்கிய குரல். மாமா உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டார்.

கடற்கரைக்கு அவர்கள் போய்ச் சேரும்போது திங்கட்கிழமை மதியம். அன்செல்மின் அக்கா கதவைப் பாதி திறந்தபடி நின்றாள்.

"என் பிறந்தநாள் நேத்து."

"ஒரு கல்யாணத்துல மாட்டிக்கிட்டோம் அக்கா," என்றார் அன்செல்ம்.

"யார் கல்யாணம்?"

அன்செல்ம் தலையைச் சொறிந்தார். "பேரு ஞாபகம் இல்ல. ஆட்டுக்கறி அருமை."