தட்டினால் எடுக்கும் கேமரா

போட்டோ எடுக்கிற தொழிலில் எதிரே நிற்கிறவர் சிரித்தால் நமக்கு லாபம். கையில் இருக்கிற கேமரா சிரிக்க ஆரம்பித்தால் தொலைந்தோம்.

மரக்காணத்தில் மெயின் ரோட்டோரம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். டிஜிட்டல் கேமரா இரண்டு இருக்கின்றன. ஆனால் உப்பளத்தில் நின்று படமெடுத்துக்கொள்ள வருகிற ஜோடிகள் இப்போதெல்லாம் "ஃபிலிம்ல எடுப்பீங்களா?" என்று கேட்கிறார்கள். அதற்காக பாண்டிச்சேரியில் ஒருவரிடம் பழைய எஸ்.எல்.ஆர். ஃபிலிம் கேமரா ஒன்று வாங்கினேன். படம் எடுத்ததும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே போய் அங்கேயே நின்றுவிடும். அடியில் தட்டினால்தான் இறங்கும். இது போன்ற ஒன்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

பின்பக்கம்

உப்பு வாருகிற பெண்கள் ஏழு பேர் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரப் போகும் நேரம். "எங்களையும் ஒண்ணு எடு" என்றார்கள். வரிசையாக நிற்க வைத்து எடுத்தேன். கிளிக் சத்தம் கேட்டதோ இல்லையோ, ஏழு பேரும் ஓடி வந்து கேமராவின் பின்பக்கம் குனிந்தார்கள். செல்போன் காலத்தில் எல்லோரும் செய்வதுதான்.

இந்தக் கேமராவின் பின்மூடியில் திரை கிடையாது. ஃபிலிம் டப்பாவின் அட்டையைக் கிழித்துச் செருகி வைக்க ஒரு சின்னச் சட்டம் மட்டும் உண்டு. எங்காவது மறந்து வைத்துவிட்டால் ஆள் அடையாளம் தெரியட்டும் என்று அதில் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைச் செருகியிருந்தேன். முன்னால் நின்ற கன்னியம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். ஃபிலிம் என்றால் என்ன, கழுவிய பிறகுதான் படம் தெரியும் என்று நான் விளக்கி முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் சரிப்பா. ஏழு பேரு நின்னோம், நீ மட்டும் எப்படி வந்த?"

சம்மதம்

மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மாதா கோயிலில் கல்யாணம். மற்ற படங்களை எப்படி வேண்டுமானாலும் எடுங்கள், பெண் சம்மதம் சொல்கிற படம் மட்டும் ஃபிலிமில்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஃபாதர் கேட்டார், பெண் வாயைத் திறந்தாள், நான் அழுத்தினேன். கண்ணாடி மேலே போய் நின்றுகொண்டது. அடியில் இரண்டு தட்டு தட்டினேன். கோயில் முழுக்க அமைதி. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று, ஃபாதருக்கு உதவியாக நின்ற உபதேசியார் போய்ப் பெரிய கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

தட்டின சத்தத்தில் பெண் சொன்னது ஃபாதர் காதில் விழவில்லை. மறுபடியும் கேட்டார். எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்ததே என்று சந்தோஷமாக அழுத்தினேன். மறுபடியும் நின்றது. மறுபடியும் தட்டினேன். உபதேசியார் இந்த முறை கதவிடம் ஓடவே ஓடினார். மூன்றாம் முறை பெண் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி "சம்மதம்" என்றாள். மாப்பிள்ளையின் முகம் வேர்த்துவிட்டது. ஃபாதர் என் பக்கம் திரும்பி, மைக்கை மூடாமலே சொன்னார்:

"பொண்ணு மூணு தடவை சம்மதம் சொல்லிடுச்சு தம்பி. உன் கேமராவையும் ஒரு வார்த்தை கேட்டுடு."

ரிப்பேர்

அதற்கு மேல் தாங்காது என்று பாண்டிச்சேரியில் இருக்கிற மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். அவர் அடித்தகட்டைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினார். பொடிப் பொடியாக விழுந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. எங்கள் ஊர்க் காற்று அப்படி. ஸ்பிரிங் எல்லாம் துருப்பிடித்திருக்கிறது, மாற்ற சாமான் கிடைக்காது என்று சொல்லி, பழையபடியே மூடிக் கொடுத்தார். பயப்படாதீர்கள் என்று ஆறுதலும் சொன்னார்.

"இன்னும் ரெண்டு வருஷம் அந்தக் காத்துலயே விடுங்க சார், கருவாடாயிடும். அப்புறம் கெடவே கெடாது."

இடுப்பளவு

கோட்டக்குப்பத்தில் ஹபீபா அம்மாவின் மகன் சாதிக் லீவு முடிந்து துபாய் கிளம்புகிற நாள். அந்த அம்மாவுக்குப் போட்டோ என்றாலே ஆகாது. மகன் கெஞ்சியதால், ஒன்றே ஒன்று, அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று சொல்லி வாசலில் வந்து நின்றார். எடுத்தேன். சாதிக் அப்போதே ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

ஃபிலிமைக் கழுவி, அந்தப் படத்தை மட்டும் இரண்டு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அன்று காலையில் மழை மேகத்துக்கு முன்னால் வெள்ளையாக நின்ற உப்புக் குவியலை ஒரு படம் எடுத்திருந்தேன். அதற்குப் பிறகு லீவரைத் தள்ளியபோது உள்ளே ஃபிலிம் நகரவில்லை. இரண்டு படமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிட்டன. அம்மாவும் மகனும் இடுப்பு வரை வெள்ளையில் புதைந்து, பின்னால் கறுத்த மேகத்தோடு நிற்கிறார்கள். மகன் திரும்பி வர இரண்டு வருஷமாகும். வேறு படமும் கிடையாது. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று பிரிண்டை எடுத்துக்கொண்டு போனேன்.

ஹபீபா அம்மா ஜன்னல் பக்கம் போய் வெகுநேரம் பார்த்தார். இது எந்த ஊர்ப் பனி என்று கேட்டார். பனி இல்லை, உப்பு என்றேன். நடந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. பாண்டிச்சேரியைத் தாண்டி எங்கேயும் போகாதவர் அவர். படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு அவன் சொல்லிக்கிட்டே இருந்தான். நீதாம்பா கூட்டிட்டுப் போயிட்ட."

நாற்பத்து நாலு

நிச்சயமான ஜோடி, ரேவதியும் பிரபுவும். பெருமுக்கல் மலைக்கோயிலில் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். துணைக்கு வந்த ரேவதியின் அம்மாவும் அத்தையும் பாதி வழியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிரபு பத்து படி முன்னாலேயே போனார். ரேவதி செருப்பைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். மேலே போகிற வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான்தான் தண்ணீர் பாட்டிலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தாறு படம் எடுக்கிற ஃபிலிம் அது. கேமராவின் மேல் இருக்கிற எண் முப்பத்தெட்டு காட்டியது. இரண்டு படம் இனாம் என்று சந்தோஷப்பட்டேன். நாற்பது, நாற்பத்திரண்டு என்று போய் நாற்பத்து நாலில்தான் புத்தி வந்தது. பாறை நிழலில் மூடியைத் திறந்தால், ஃபிலிம் உருளையில் மாட்டவே இல்லை. நாக்கை நீட்டிக்கொண்டு டப்பாவுக்குள் சுகமாக இருந்தது. அன்றைக்கு வாயைத் திறக்காமல் இறங்கிவிட்டு, மறுநாள் போன் செய்து உண்மையைச் சொன்னேன். பெண்ணின் அப்பா பத்து நிமிடம் பேசினார். இனாமாக மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏறினோம். அம்மாவும் அத்தையும் அதே இடத்தில், இந்த முறை முட்டி வலிக்கும் முன்பே உட்கார்ந்துவிட்டார்கள். பிரபுவும் ரேவதியும் பேசிக்கொண்டே வந்தார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டு இடத்தில் நின்றேவிட்டார்கள். நான் மேலே போய் அவர்களுக்காகக் காத்திருந்தேன். வந்ததும், நம்பிக்கை வரட்டும் என்று அவர்கள் எதிரிலேயே ஃபிலிமை எடுத்து, இதோ பாருங்கள், இப்போது மாட்டப் போகிறேன் என்று காட்டினேன். பிரபு முகம் கழுவப் போன நேரம் பார்த்து ரேவதி பக்கத்தில் வந்தாள். கீழே அம்மா இருக்கிற பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணா, இந்தத் தடவையும் அது மாட்டாம இருந்தா நாங்க ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டோம்."

இப்படி ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு வாடிக்கையாளர் சேர்ந்துவிட்டதால், யாராவது ஒருநாள் இந்தக் கேமராவை நிஜமாகவே சரிசெய்துவிடுவார்களோ என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே பயம்.