அலகில் இருந்த மீன்

ஒரு மீன்கொத்தியை நான் ஏமாற்றினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பறவை பார்க்கும் பைத்தியம் பிடித்த புதிது. ஞாயிறு விடிந்ததும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பி, கிள்ளானுக்குப் பக்கத்திலுள்ள நீர்த்தேக்கத்துக்குப் போய்விட்டேன். கைப்பேசியில் வைத்திருந்த மீன்கொத்தியின் குரலைச் சின்ன ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டேன். தன் இடத்துக்கு வேறொரு மீன்கொத்தி வந்துவிட்டதென்று நினைத்து, உடனே ஒன்று பறந்து வந்தது. கிளைக்குக் கிளை தாவி என்னையே சுற்றியது. எனக்குக் குஷி தாங்கவில்லை. நூறு படம் எடுத்திருப்பேன்.

சற்றுத் தள்ளித் தூண்டில் போட்டிருந்த ஓர் அக்கா கேட்டார்: "தங்கச்சி, அது வாயில என்ன இருக்கு, பாத்தியா?"

"மீன்தான்க்கா. செம போஸ் லா!"

"அரை மணி நேரமா அதே மீன்தாம்மா. முழுங்கவும் இல்ல, பொந்துக்குப் போகவும் இல்ல. குஞ்சுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கு. நீ என்னடான்னா சண்டைக்குக் கூப்பிடுற."

அவர் காட்டிய மண்கரையில் ஒரு பொந்து இருந்தது. ஸ்பீக்கரை அணைத்தேன். அப்போதும் பறவை உள்ளே போகவில்லை.

"நாம நின்னா பயந்துக்கும், வா" என்று அக்கா தூண்டிலைச் சுருட்டினார். அப்போதுதான் அவருக்கு மீன் கடிக்கத் தொடங்கியிருந்தது.

வெகுதூரம் தள்ளி நின்று, என் தொலைநோக்கியில் மாறி மாறிப் பார்த்தோம். "உள்ள போயிடுச்சு!" என்று அக்கா கத்தியபோது தொலைநோக்கி அவர் கையில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

அந்தப் படங்களை நான் யாருக்கும் அனுப்பவில்லை. நூறிலும் பறவை அழகாகத்தான் இருக்கிறது. நூறிலும் அதே மீன்.