முனகல் நின்றபோது

குருண் ஊர் வண்டிப் பட்டறைக்காரரின் முகத்தைவிட அவருடைய கால்கள்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. தடித்த கால்கள், நீல ரப்பர் செருப்பு. வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டால் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே இருப்பார்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றினால் என் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கிவிடும். அதைத் தாங்கிப் பிடிக்கப் பின் அச்சின் இரண்டு பக்கமும் காற்றுப் பைகளைப் பொருத்தினார். பாரத்தோடு சோதிக்க வேண்டும் என்று மறுபடியும் அடியில் படுத்துக்கொண்டு, "மெதுவா காத்தடிங்கண்ணே" என்றார். அடித்தேன். வண்டி மெல்ல எழும்பியது. முனகல் சட்டென்று நின்றது.

"அண்ணே?"

கால்கள் அசையவில்லை. அவருக்கு மேலே குலைகளின் மொத்தப் பாரம். குனிந்து அவருடைய கணுக்காலைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்கண்ணே. எங்கயோ காத்து கசியுது, கேட்டுக்கிட்டு இருக்கேன்லா."

"கூப்பிட்டா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பேசினா எப்படிக் கேக்கும்? பைக்குக் காத்து போற டியூப கோணலா வெட்டிட்டேன், என் தப்புதான்."

நேராக வெட்டிச் சொருகினார். முனகல் மறுபடி தொடங்கியது.

எனக்கு அன்று எந்தக் கசிவும் கேட்கவில்லை. இப்போதும் பாரத்தோடு மேடு ஏறும்போது ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. கசிவு இல்லையா, என் காதுதான் போதாதா என்று தெரியவில்லை.